மாலையும் மன்றமும் – 14: சாவி யாரிடம்?

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. உச்ச நீதிமன்றத்தின் நேரலையைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்களில் பலர், தொடக்கத்தில் தாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்கள். தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தன் தீர்ப்பை முதலில் வாசித்தார். தன்பாலீர்ப்பு என்பது நகரத்து மேல்தட்டின் சங்கதி இல்லை என்றார். பெருநகரத்தில் ஆங்கிலம் பேசி அலுவலகம் போகும் ஆணைப் போலவே, கிராமத்தில் வயல் வேலை செய்யும் பெண்ணும் பால்புதுமையராக இருக்கக்கூடும் என்றார். இணைந்து வாழும் உறவை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்றும், தத்தெடுக்கும் உரிமையை மறுப்பது தவறு என்றும் சொன்னார். கைபேசிகளில் வாழ்த்துச் செய்திகள் பறக்கத் தொடங்கின.

பின்னர் நீதிபதி எஸ். ரவீந்திர பட் வாசித்தபோது நிலைமை தலைகீழானது. தலைமை நீதிபதி சொன்னது ஐந்து பேர் அமர்வில் இருவரின் கருத்து மட்டுமே. மற்ற மூவர் வேறு பக்கம் நின்றார்கள். 366 பக்கங்கள், நான்கு தீர்ப்புரைகள், முடிவு ஒன்று: இந்தியாவில் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. வேண்டுமானால் நாடாளுமன்றம் கொடுக்கட்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சென்ற வாரமும் வேறொரு வடிவில் பார்த்தோம். அப்போது இடம் சென்னை, வழக்கு சுயமரியாதைத் திருமணம்.

புரோகிதர் இல்லாத மேடை

நினைவூட்டலாகச் சில வரிகள். அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் புரோகிதரும் வேள்வியும் இல்லாமல் ஆயிரக்கணக்கான இணையர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊர் ஏற்றுக்கொண்டது, சட்டம் ஏற்கவில்லை. 1953-ல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி நடந்த திருமணம் செல்லாது என்றது. வழக்கம் என்று சொல்ல வேண்டுமானால் அதற்குப் பழமை வேண்டும். ஓர் இயக்கம் நேற்றுத் தொடங்கிய முறையை வழக்கமாகக் கொள்ள முடியாது என்பது நீதிமன்றத்தின் தர்க்கம்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1967-ல் அண்ணா தலைமையிலான அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும் சரி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, அது திருமணம். அதுவரை அப்படி நடந்த பழைய திருமணங்களும் செல்லும் என்று அந்தப் பிரிவு பின்னோக்கியும் கை நீட்டியது. நீதிமன்றம் கைவிரித்த இடத்தில் சட்டமன்றம் கதவைத் திறந்தது. ஆனால் அதற்குள் சுக்கிலநத்தம் மேடை நடந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

2023-ல் டெல்லியில் வழக்கின் மையமாக நின்ற சிறப்புத் திருமணச் சட்டத்துக்கும் இதே போன்றதொரு கதை உண்டு. கேசவ சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாஜத்தினர் தங்கள் திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டதால் பிறந்தது 1872-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒரு முள் இருந்தது: மணமக்கள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் உள்ளிட்ட எந்த மதத்தையும் சார்ந்தவர்கள் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காதலுக்காக மதத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டிய நிலை. 1923-ல் ஹரிசிங் கௌர் கொண்டுவந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தினருக்கு மட்டும் அந்த முள்ளை எடுத்தது. எல்லோருக்குமான சட்டம் 1954-ல்தான் வந்தது. மதம் மாறாமல், சாதி பார்க்காமல், பதிவாளர் முன் கையெழுத்திட்டு மணக்க இந்தியருக்குக் கிடைத்த ஒரே பொதுக் கதவு அதுதான்.

அந்தக் கதவின் நிலைப்படியில் ஒரு வரி இருந்தது. நான்காவது பிரிவு, ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. 1954-ல் இதை எழுதியவர்கள் வேறு எந்தச் சேர்க்கையையும் மனத்தில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

குற்றவாளியிலிருந்து குடிமகன் வரை

திருமணம் பற்றிப் பேசுவதற்கு முன் சிறையைப் பற்றிய பேச்சு முடிய வேண்டியிருந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 377-வது பிரிவின் கீழ், ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் அறக்கட்டளை வழக்கில் வயது வந்தோரின் சம்மத உறவை அதன் பிடியிலிருந்து விடுவித்தது. ஏ.பி. ஷாவும், சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கிய எஸ். முரளிதரும் தந்த தீர்ப்பு அது.

நான்கே ஆண்டுகள். 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பாதிக்கப்படுவோர் மக்கள் தொகையில் மிகச் சிறு பகுதி என்பதும், மாற்றம் வேண்டுமானால் நாடாளுமன்றம் செய்யட்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் 2014-ல் திருநரின் பாலின அடையாளத்தை அதே நீதிமன்றம் அங்கீகரித்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2013 தீர்ப்பு நிற்கத் தரையில்லாமல் போனது.

2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து 377-ஐத் தளர்த்தினார்கள். வழக்கின் முதல் மனுதாரர் நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். சென்னை கலாக்ஷேத்ராவில் பயின்றவர். வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று அன்று எழுதியவர் நீதிபதி இந்து மல்ஹோத்ரா.

குற்றம் போனது. உரிமை வந்ததா? பதினாறு மாதங்களில், 2020 ஜனவரியில், கேரள உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆண் இணை அந்தக் கேள்வியோடு மனுப் போட்டது. டெல்லியில் வந்த மனு ஒன்று வேறு வழி பிடித்தது. இந்து திருமணச் சட்டம் ‘இரு இந்துக்கள்’ என்றுதானே சொல்கிறது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று எங்கே சொல்கிறது என்று கேட்டது. தமிழ்நாட்டின் 7-ஏ பிரிவும் ‘இரு இந்துக்கள்’ என்றே தொடங்குகிறது. ஆனால் இரண்டிலும், அடுத்த வரிகளிலேயே, மணமகனும் மணமகளும், கணவனும் மனைவியும் வந்துவிடுகிறார்கள்.

ஹைதராபாத்திலிருந்து ஒரு மனு

உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டியவர்கள் ஹைதராபாத்தைச் சேர்ந்த சுப்ரியோ சக்ரவர்த்தி, அபய் டாங். கொரோனா இரண்டாம் அலையில் இருவருக்குமே தொற்று வந்தது. பிழைத்தெழுந்த பின், 2021 டிசம்பரில் குடும்பத்தாரையும் நண்பர்களையும் அழைத்து விழா எடுத்தார்கள். பெற்றோர் வாழ்த்தினார்கள். சட்டத்தின் கண்ணில் அது வெறும் விருந்து. 2022 நவம்பரில் மனு தாக்கலானது. அதே மாதம் 25-ல் மத்திய அரசுக்கு நோட்டீஸ் போனது.

எதிர்வினை உடனே வந்தது. அந்த டிசம்பரில் பா.ஜ.க. உறுப்பினர் சுஷில் குமார் மோடி மாநிலங்களவையில் எழுந்து, இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து தீர்மானிக்கும் விஷயமா இது, நாடாளுமன்றமும் சமூகமும் விவாதிக்க வேண்டாமா என்று கேட்டார். அந்த விவாதத்துக்கான வழி ஒன்று ஏற்கெனவே மக்களவையின் மேசையில் கிடந்தது. 2022 ஏப்ரலில் தேசியவாத காங்கிரஸின் சுப்ரியா சுலே சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா ஒன்றை அறிமுகம் செய்திருந்தார். தனிநபர் மசோதாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நேரும் கதியே அதற்கும் நேர்ந்தது.

2023 ஜனவரி 6-ல் உயர் நீதிமன்றங்களில் கிடந்த மனுக்கள் அனைத்தும் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. மார்ச்சில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தந்தது. ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உறவே இந்தியக் குடும்பம் என்ற கருத்தின் அடித்தளம் என்றது. மறுநாளே வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது: சந்திரசூட், சஞ்சய் கிஷன் கௌல், ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா.

விசாரணைக்கு ஒரு நாள் முன்பு மத்திய அரசு தந்த மனுவில் ஒரு சொற்றொடர் இருந்தது: இது ‘நகர்ப்புற மேல்தட்டின் பார்வை’. பின்னர் நடந்த பத்து நாள் வாதம் அந்தச் சொற்றொடரைச் சுற்றியும் நகர்ந்தது. போபாலில் 1987-ல் இரண்டு பெண் காவலர்கள், லீலாவும் ஊர்மிளாவும், மாலை மாற்றி மணந்துகொண்டதையும், அதற்காக வேலையை இழந்ததையும் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொற்றொடர் உறுத்தாமல் இருந்திருக்காது.

பத்து நாள்

ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாள் வாதம் நடந்தது. எல்லாம் நேரலை. மாலை நேரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் அரசியல் சாசன அமர்வைப் பார்க்க முடிந்த வழக்குகளில் இது முக்கியமானது.

முதல் நாளே நீதிமன்றம் எல்லை வகுத்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் தனிநபர் சட்டங்களுக்குள் போக மாட்டோம். சிறப்புத் திருமணச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்வோம். மனுதாரர் தரப்புக்கு முகுல் ரோத்தகி, அபிஷேக் சிங்வி, மேனகா குருசாமி, சௌரப் கிர்பால் உள்ளிட்டோர். அவர்கள் கேட்டது கேட்பதற்கு எளிது: சட்டத்தில் ‘ஆண்’, ‘பெண்’ என்று வரும் இடங்களில் ‘நபர்’ என்றும், ‘கணவன்’, ‘மனைவி’ என்று வரும் இடங்களில் ‘வாழ்க்கைத் துணை’ என்றும் படித்துக்கொள்ளுங்கள். வயது வரம்பா? இருவரும் பெண்களானால் 18, ஆண்களானால் 21.

பொள்ளாச்சிக்காரரான மூத்த வழக்கறிஞர் கே.வி. விசுவநாதன், பிள்ளைப் பேறு திருமணத்துக்கான நிபந்தனையாக இருக்க முடியாது என்று வாதிட்டார். குழந்தை பெறும் வயதைக் கடந்தவர்கள் மணப்பதைச் சட்டம் தடுப்பதில்லையே? விசாரணை முடிந்த அடுத்த வாரமே, மே 19-ல், அவர் அதே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பதவியேற்றார்.

அரசுத் தரப்பில் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தாவும், புதுச்சேரியில் பிறந்த அட்டர்னி ஜெனரல் ஆர். வெங்கடரமணியும். அவர்களின் வாதத்தை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் தச்சுவேலைக் கணக்கு ஒன்று இருந்தது. ஒரு சொல்லை மாற்றினால் அதோடு எத்தனை சொற்கள் ஆடும்? விவாகரத்துக் காரணங்களில் மனைவிக்கு மட்டும் உள்ளவை சில. ஜீவனாம்சம் மனைவிக்கு. வரதட்சணை, குடும்ப வன்முறைச் சட்டங்கள் பெண்ணைப் பாதுகாக்க எழுதப்பட்டவை. இரு ஆண்கள் மணந்தால் யார் மனைவி? ஒருவர் இறந்தால் யார் விதவை? இப்படி 160 சட்டங்களைத் தொட வேண்டியிருக்கும், அதை நீதிமன்றம் செய்ய முடியாது என்றார் மேத்தா.

சிறப்புத் திருமணச் சட்டமும் தனித் தீவு இல்லை. அந்தச் சட்டத்தின்கீழ் இரு இந்துக்கள் மணந்தால், 1976 முதல் அவர்களின் வாரிசுரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே போகிறது. தனிநபர் சட்டத்தைத் தொட மாட்டோம் என்று முதல் நாள் போட்ட கோடு, வாரிசுரிமையைத் தொட்டதும் அழியத் தொடங்கியது. நீதிபதிகளுக்கே அது தெரிந்தது.

வெளியிலும் களம் சூடாக இருந்தது. ‘ஸ்வீகார்’ என்ற அமைப்பைச் சேர்ந்த 400-க்கும் மேற்பட்ட பெற்றோர், தங்கள் பிள்ளைகளின் திருமணத்தைச் சட்டப்படி பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். இந்திய பார் கவுன்சில் இதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. ஜமியத் உலமா-இ-ஹிந்த் எதிர்த்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தத்தெடுப்பை எதிர்க்க, டெல்லியின் ஆணையம் ஆதரித்தது. மத்திய அரசு மாநிலங்களிடம் கருத்துக் கேட்டது. ஏழு மாநிலங்களின் பதில்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் எதிர்த்தன. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் அவகாசம் கேட்டன. அப்போது ராஜஸ்தானை ஆண்டது காங்கிரஸ், ஆந்திரத்தை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், அசாமை பா.ஜ.க. இந்த ஒரு விஷயத்தில் கட்சிக் கொடிகளின் நிறம் வேலை செய்யவில்லை.

மனுதாரர்களுக்குள்ளும் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடவில்லை. ரிதுபர்ணா போரா உள்ளிட்ட சிலரின் மனு வேறு வலியைப் பேசியது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணக்க விரும்புவோர் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அது அலுவலகத்தில் ஒட்டப்படும், யாரும் ஆட்சேபிக்கலாம். வீட்டை விட்டு ஓடிவந்த இரு பெண்களுக்கு அந்த அறிவிப்பு, தேடி வரும் குடும்பத்துக்கு முகவரி எழுதிக் கொடுப்பது போல. பிறந்த குடும்பமே வன்முறையின் இடமாக இருக்கும்போது, திருமணத்தோடு நிற்காமல், தாமே தேர்ந்துகொண்ட குடும்பத்தையும் சட்டம் ஏற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் நீதிபதிகளே ஒரு படி இறங்கி வந்தார்கள். திருமணம் என்ற பெயர் ஒருபுறம் இருக்கட்டும். கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று அரசைக் கேட்டார்கள். மே 3-ல் பதில் வந்தது: அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்துப் பார்க்கிறோம்.

ஐந்துக்கு ஐந்து, மூன்றுக்கு இரண்டு

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டு ஐந்து மாதங்கள் கழித்து வந்தது. நீதிபதி பட் அக்டோபர் 20-ல் ஓய்வு பெற இருந்தார். அதற்கு மூன்று நாள் முன்பு.

ஐந்து பேரும் ஒத்துப்போன இடங்கள் மூன்று. அரசியல் சாசனத்தில் திருமணம் அடிப்படை உரிமை இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தின் சொற்களை நீதிமன்றம் மாற்றி எழுதாது. திருநர் ஒருவர் எதிர்ப்பாலினத்தவரை மணப்பது இன்றுள்ள சட்டங்களின்படியே செல்லும்.

இரண்டாவதன் காரணத்தில்தான் இந்த வழக்கின் விநோதம் இருக்கிறது. சட்டம் பாகுபாடு காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் நீதிமன்றத்துக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்று, சட்டத்தையே ரத்து செய்வது. இன்னொன்று, இல்லாத சொற்களை உள்ளே படிப்பது. ரத்து செய்தால் வெவ்வேறு மதத்தவர் மணக்க வழியில்லாத விடுதலைக்கு முந்தைய காலத்துக்கு நாடு திரும்பிவிடும் என்று எழுதினார் சந்திரசூட். சாதி மறுத்தும் மதம் கடந்தும் மணப்பவர்கள் ஒதுங்கும் திண்ணை அது. அதை இடித்து வேறொருவருக்கு வீடு கட்ட முடியாது. சொற்களைச் சேர்த்தாலோ, அது சட்டம் இயற்றும் வேலை. நீதிபதி கௌல், இந்தச் சட்டம் சமத்துவத்துக்கு முரணானது என்றே கண்டார். ஆனாலும் நீதிமன்றத்தால் அதைச் சரிசெய்ய இயலாது என்று நிறுத்திக்கொண்டார்.

பிளவு வந்தது அடுத்த படியில். சந்திரசூட்டும் கௌலும், திருமணம் இல்லாவிட்டாலும் இணைந்து வாழும் உறவை அரசு அங்கீகரித்தாக வேண்டும் என்றார்கள். பட், கோலி, நரசிம்மா மறுத்தார்கள். சேர்ந்து வாழும் சுதந்திரம் உண்டு. அதை வன்முறையிலிருந்து காப்பது அரசின் கடமை. ஆனால் அந்த உறவுக்கென்று ஒரு சட்டத் தகுதியை உருவாக்கும்படி அரசுக்கு ஆணையிட முடியாது என்பது அவர்கள் நிலை. தத்தெடுப்பிலும் அதே மூன்றுக்கு இரண்டு. இணையராகத் தத்தெடுக்க இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வு வேண்டும் என்ற விதி நின்றது. தன்பாலீர்ப்பாளர் ஒருவர் தனி நபராகத் தத்தெடுக்கலாம். இருவராகச் சேர்ந்து முடியாது. பிள்ளைக்கு வீட்டில் இரண்டு பெற்றோர், காகிதத்தில் ஒருவர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பட், இழப்புகளை மறைக்கவில்லை. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் திருமணச் சான்றிதழின் பின்னால் ஒளிந்திருப்பதால், இவர்கள் மறைமுகப் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டார். தீர்வு குழுவின் கையில் விடப்பட்டது.

இடைவழி ஒன்று இருந்தது

மன்றமா சட்டமன்றமா என்ற கேள்வி இந்தியாவுக்கு மட்டும் உரியது இல்லை. நெதர்லாந்தில் நாடாளுமன்றமே முன்வந்து, 2001 ஏப்ரல் 1 முதல் உலகின் முதல் சட்டபூர்வத் தன்பாலினத் திருமணங்களை நடத்தியது. அயர்லாந்து 2015-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. 62 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதே ஆண்டு ஜூன் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தானே முடிவு சொன்னது.

இந்திய வழக்கறிஞர்கள் அதிகம் பேசியிருக்க வேண்டிய முன்னுதாரணம் தென்னாப்பிரிக்கா. 2005 டிசம்பர் 1-ல் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் மரீ ஃபூரி என்ற பெண்ணும் அவர் இணையரும் தொடுத்த வழக்கில், ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பில், தன்பாலினத்தாரை விலக்குவது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று அறிவித்தது. ஆனால் சட்டத்தைத் தானே திருத்தாமல் நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு வைத்தது. தவறினால் ‘கணவன்’, ‘மனைவி’ என்ற சொற்களோடு ‘துணை’ என்ற சொல்லும் தானாகச் சேர்ந்துவிடும் என்றது. உடனே கொடுக்காமல் ஏன் காக்கவைக்க வேண்டும் என்று கேட் ஓ’ரீகன் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு, 2006 நவம்பர் 30-ல், சட்டம் நடைமுறைக்கு வந்தது. தைவானில் 2017 மே 24-ல் நீதிமன்றம் இரண்டு ஆண்டு கெடு வைத்தது. 2019 மே 17-ல், ஒரு வாரம் மிச்சம் இருக்கும்போது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

இந்திய நீதிமன்றம் வைத்தது குழு, கெடு வைக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

குழு 2024 ஏப்ரலில் அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிதி அமைச்சகம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. ஒரே வீட்டில் வாழும் இணையரை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் அட்டை தரலாம் என்று உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைப் பெற்று இறுதிச் சடங்கு செய்ய இணையரை அனுமதிக்கும்படி சுகாதார அமைச்சகம் சொன்னது. ரேஷன் அட்டையும் சுடுகாடும் கிடைத்தன. நடுவில் இருக்கும் வாழ்க்கைக்கான சட்டம் மட்டும் இல்லை.

மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9-ல் தள்ளுபடியாயின. அதற்குள் பழைய அமர்வின் நால்வர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நரசிம்மா மட்டுமே எஞ்சியிருந்தார்.

தூத்துக்குடி, சென்னை, வேலூர்

டெல்லியில் கதவு சாத்தப்பட்டபோது தமிழ்நாட்டில் சில சன்னல்கள் திறந்திருந்தன. 2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் மணந்தார்கள். பதிவாளர் பதிவு செய்ய மறுத்தார். 2019 ஏப்ரல் 22-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல்லுக்கு உறைந்துபோன ஒரே பொருள் இல்லை, அது திருநங்கையையும் குறிக்கும் என்றார். நான்கரை ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒத்துக்கொண்ட அந்த மூன்றாவது இடம் இதுவே.

2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரு பெண்களின் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் செய்த காரியம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வமானது. தனக்கு இந்த உறவுகளைப் பற்றிய புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே அமர்வுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். மரியாதையான சொற்களின் பட்டியல் வேண்டும் என்றார். தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அதை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, திருநர், ஊடுபால், பால்புதுமையர் போன்ற சொற்கள் இன்று நாளிதழ்களில் புழங்குகின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஒரு மாதத்தில், 2023 நவம்பர் 17-ல், அதே நீதிபதி இன்னொரு யோசனை வைத்தார். திருமணம் என்ற பெயர் வேண்டாம்; இருவர் குடும்பமாக வாழ்வதாக எழுதிப் பதிவுசெய்யும் ‘குடும்ப இணைவு ஒப்பந்தம்’ ஒன்றை மாநில அரசு பரிசீலிக்கட்டும். முடிவு அரசிடம் விடப்பட்டது.

2025 மே 22. 25 வயதுப் பெண் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலூர் மாவட்டக் காவல்துறை பெற்றோருடன் அனுப்பியிருந்தது. அவர் இணையான பெண் தொடுத்த ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் விசாரித்தார்கள். தன் மகனின் தன்பாலீர்ப்பை ஏற்று, அதற்காகப் பேசவும் எழுதவும் செய்த நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லாப் பெற்றோரும் இருப்பதில்லை என்று வருந்தினார்கள். உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்காமல் இருக்கலாம்; ஆனால் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று எழுதி, ‘தேர்ந்துகொண்ட குடும்பம்’ என்ற கருத்தை ஏற்றார்கள். டெல்லியில் ரிதுபர்ணா போரா தரப்பு கேட்டு வெறுங்கையோடு திரும்பிய அதே சொல் அது. அந்தப் பெண் தன் இணையருடன் போனார்.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் நான்காவது பிரிவில், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்ற வரி இன்றும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம்: சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் 30 நாள் தொங்கும் அந்த அறிவிப்புத் தாள் எங்கிருந்து வந்தது, யாருக்கு உதவுகிறது?

(தொடரும்)